துரைசாணி விட்டுப்போன வண்டில்

வண்டில் மணலில் புதைந்து நின்றதை ஜெஸீமா வேலிக்குள் இருந்தே பார்த்துவிட்டாள்.

மூன்று மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

உட்துறைமுக வீதியின் தார் முடிந்து மணல் ஒழுங்கை தொடங்கும் இடம் அது. பிள்ளையைப் படுக்கவைத்துத் தள்ளும் அந்த வண்டிலின் சக்கரங்கள் பெரியவை, ஆனால் ஒல்லியானவை. விரல் தடிப்புக்கு றப்பர் போட்டவை. தாரில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். மணலில் கத்தி மாதிரி இறங்கும். இதை ஜெஸீமாவுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டாள்.

பார்க்காமல் எப்படி இருப்பது?

போன வருடம் இங்கிலீஷ் நேவி துறைமுகத்தை விட்டுப் போனபோது, ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை பங்களா வாசலில் பரப்பி வைத்து, வேலையாட்களை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இந்த வண்டிலும் புல் வெட்டும் மெசின் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றனவாம். ஜெஸீமாவின் புருசன் சரீப் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அவர்கள் வீட்டு வளவில் ஒரு புல் கிடையாது. முழுக்க மணல்.

"புல்லு வந்தா வெட்டலாம்தானே" என்றான் சரீப்.

வண்டில், வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற கலீலுர் றஹ்மானுக்குப் போனது. அந்தக் கலீல்தான் கிண்ணியாவிலிருந்து பெண்சாதி றஹ்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு முன் இந்த ஒழுங்கையிலேயே இரண்டு வளவு தள்ளிக் குடிவந்தான்.

அன்றிலிருந்து தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு றஹ்மா வண்டிலைத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவாள். தன் பதினான்கு மாத மகன் அபூதாஹிரை இடுப்பில் வைத்தபடி ஜெஸீமா பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் கனத்தில் அவளுக்கு ஒரு பக்கம் சரிந்தே போயிருந்தது.

வண்டிலின் பெட்டி சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டியது அல்ல. வளைந்த இரும்பு வில்லுகளிலிருந்து நாலு தோல் வாரில் தொங்குகிறது. சக்கரம் கல்லில் ஏறினால் அடியை முதலில் வில் வாங்கும். மிச்சத்தை வார் வாங்கும். பெட்டிக்கு வந்து சேரும்போது அது அடியாக இருக்காது, ஆட்டமாக இருக்கும். பிள்ளை இன்னும் நன்றாகத் தூங்கும். பெட்டிக்குள் அடிப்பலகையைத் தூக்கினால் சந்தைச் சாமான் வைக்கவும் இடம் உண்டு. இடுப்புக்கும் நோவில்லை.

ஒரு சக்கரத்துக்குக் கம்பி இருபத்தெட்டு. ஜெஸீமா எண்ணியிருந்தாள்.

குறைகளையும் எண்ணியிருந்தாள். கடற்காற்றில் அதன் வெள்ளிப்பூச்சு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். றஹ்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பு மூடி வெயிலில் அடுப்பு. வீட்டுக் கதவால் உள்ளே போகாது. சாக்கு போர்த்திக்கொண்டு விறாந்தையில் கிடக்கும்.

ஒவ்வொரு குறையும் அவள் நாக்கில் கற்கண்டு.

இப்போது இந்த மணல்.

அபூதாஹிரை வாசலில் இறக்கிவிட்டு ஜெஸீமா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். றஹ்மா வேர்த்து விறுவிறுத்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தள்ளத் தள்ளப் புதையும். விடுங்க."

கைப்பிடியை அமத்தி முன்சக்கரத்தைக் கிளப்பி, பின்பக்கமாக இழுத்தாள். இரண்டே இழுவை. வண்டில் தாருக்கு வந்தது. ஒரு நாளும் தொட்டிராத வண்டில் அவள் கைக்கு அப்படியே படிந்தது. அதுவும் அவளுக்கு எரிந்தது.

"இந்த மண்ணுக்கு இது ஏலாது, றஹ்மா. கதவால போகாது, தோணியில ஏறாது, போதாததுக்குத் துரு. சீலையில ஒரு ஏணை கட்டினாப் போதாதா? எதுக்கு இந்தப் பவுசு?"

றஹ்மாவுக்குக் கோபம் வரவில்லை. வில்லில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டினாள்.

"ராத்தா, மூணு மாசமாப் பாத்துக்கொண்டு வாறீங்க. என்ட புள்ள ஆரைப் போல?"

ஜெஸீமா வாயைத் திறந்தாள்.

கம்பி இருபத்தெட்டு. வார் நாலு. மூடியை மடக்கப் பக்கத்துக்கு மூன்று மூட்டு.

பிள்ளையின் முகம் வரவில்லை. ஆணா பெண்ணா என்பதுகூட வரவில்லை.

"வத்தகத் தோட்டத்தில கரிச்சட்டி ஏன் கட்டுறாங்க?" என்றாள் றஹ்மா.

ஜெஸீமாவின் வாப்பாவுக்குக் கட்டைபறிச்சானில் வத்தகப்பழத் தோட்டம் இருந்தது. ஆள் உயரத் தடியில், சுண்ணாம்புப் பொட்டு வைத்த கரிச்சட்டி. கண்ணூறில் பொல்லாதது முதல் பார்வை என்பார் வாப்பா. வழியால் போகிறவனின் முதல் பார்வையைச் சட்டி வாங்கிக்கொண்டால் காய்க்கு ஒன்றும் ஆகாது. சட்டி எவ்வளவுக்கு எவ்வளவு கண்ணைக் குத்துகிறதோ, அவ்வளவுக்கு நல்லது.

"கிண்ணியாவில ரெண்டு புள்ளைகளை ஏணையிலதான் போட்டு வளத்தனான்" என்றாள் றஹ்மா. "வாறவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. ரெண்டு பேரும் இப்ப மையவாடியில, மண்ணுக்குள்ள. இப்ப எல்லாரும் வண்டிலைத்தான் பாக்குறாங்க."

பெட்டிக்குள் நுளம்பு வலை அசைந்தது. ஒரு சின்ன முனகல் கேட்டது.

ஜெஸீமாவின் கழுத்து தானாகத் திரும்பியது. ஒரு பார்வை போதும்.

ஆனால் வலைக்குள் பார்க்காமல் அவள் குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். முக்காட்டு நுனியால் கம்பி கம்பியாக மணலைத் துடைத்தாள். கண்ணை அதிலிருந்து எடுக்கவேயில்லை.

"நல்ல வண்டில்" என்றாள், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி.

பிறகு தன்னால் ஏலுமான மட்டும் அதன் மேல் பொறாமைப்பட்டாள்.