மிளகுத் துலாபாரம்

தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விசாலாக்ஷி எதிர்த்தட்டுப் பக்கம் பார்த்தாள்.

பழக்குலையைக் காணோம். இரண்டு சின்னச் சாக்கு மூட்டைகள்தான் இருந்தன.

கோயில் ஆள் நாணு ஒன்றை அவிழ்த்ததும் நெடி மூக்கில் ஏறியது. மிளகு!

கதலிப்பழம் என்றல்லவா புருஷன் வைத்தீஸ்வரன் சொல்லியிருந்தான்?

பக்கத்தில் நின்ற நாத்தனார் கமலாக்ஷிக்கு ஒரே பூரிப்பு. காதோரம் குனிந்தாள்.

"மன்னி, ஒங்களுக்குத் தெரியாதோ? நீங்க ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தப்போ அண்ணா அழுதுண்டே நேந்துண்டதாக்கும். கால் பொழச்சா, ஒங்க எடைக்கு எடை குருமிளகுன்னு."

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து மழைக்காலம் அது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் வழுக்கி, படகுக்கும் கல்லுக்கும் நடுவே அவள் வலது கால் நசுங்கியது. கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அப்போது அழுதிருக்கிறான். கட்டின பெண்டாட்டிக்காக மனசு விட்டு அழுதிருக்கிறான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கால் பிழைத்தது. அதற்கப்புறம்தான் மனுஷனுக்கு மிளகு விலை ஞாபகம் வந்திருக்கிறது.

உடம்பு இளைத்தால்தான் கால் தாங்கும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று வந்து நின்றான். அவளும் நம்பினாள். தேங்காய் போயிற்று, நெய் போயிற்று, ராத்திரிச் சோறு போய் கோதுமைக் கஞ்சி வந்தது. விஷுவன்று அவள் இலையில் விழுந்த பப்படத்தைக்கூட எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டான். என்ன அக்கறை என்று அவள் நினைத்தாள். இப்போது நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது.

சாயங்காலமானால் தேகப்பயிற்சி வேறு. கட்டிலில் படுத்தபடி கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு. கட்டுப் பிரித்த பிறகு, மிளகு அடைத்த ஒரு பையைப் பாதத்தில் மாட்டிவிட்டுத் தூக்கச் சொன்னான். வலியில் கண்ணில் தண்ணீர் வரும். பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் என்பான்.

மாசம் பிறந்தால் ரிக்ஷாவில் ஏற்றிக் கொச்சங்காடிக்குக் கூட்டிப்போவான். அங்கே ஒரு மிளகுக் கிடங்கில் அவன் எடை போடுகிறவன். சாக்கு நிறுக்கிற தராசில் அவளை நிற்க வைப்பான். சுமட்டுக்காரர்கள் எல்லோரும் மூட்டையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மானம் போகும். டாக்டர் கேட்டார் என்பான். முள் இறங்கியிருந்தால் அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சந்தோஷம்.

போன மாசம் அதே டாக்டர், "ஏன் இப்படித் துரும்பாகிவிட்டாய்?" என்று கேட்டபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லையே! வெளியே வந்ததும், டாக்டர்கள் ஒவ்வொரு தடவை ஒவ்வொன்று சொல்வார்கள் என்று அவன் பேச்சை மாற்றினான். இந்த மண்டு அதற்கும் தலையாட்டினாள்.

டாக்டர் அப்படி எதையும் சொல்லவே இல்லை. பச்சை மிளகைக் காயவைத்தால் எத்தனை எடை இறங்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. பெண்டாட்டியையும் வெயிலில் பரப்பிக் காயவைத்துவிட்டான், பாவி.

நாணு கொட்ட ஆரம்பித்தான். கூடியிருந்த பெண்கள், பாவம், எலும்பும் தோலுமாய் இருக்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். வைத்தீஸ்வரன் கைகூப்பி நின்றான். கண் மட்டும் சன்னிதிப் பக்கம் இல்லை, தராசுக் கோலில் இருந்தது.

முதல் மூட்டை காலியானது. இரண்டாவது பாதி போதும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான் போலும். பாதியில் கை காட்டினான். தராசு அசையவில்லை.

மீதியும் விழுந்தது. அப்போதும் அவள் தட்டு எழவில்லை.

அவனுக்கு வியர்த்தது. சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். கோலுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தான். கோயில் தராசில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தான். தனக்குத் தெரியாமல் யார் வீட்டில் போய்த் தின்றுவிட்டு வந்தாள் என்ற பார்வை அது.

விசாலாக்ஷி முகத்தில் பக்தியைத் தவிர ஒன்றும் இல்லை.

"சாமி காரியம். கொறைச்சல் வெக்கப்படாது. கிடங்கிலேந்து இன்னொரு மூட்டை எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ."

அத்தனை பேர் முன்னால் அவனால் மறுக்க முடியவில்லை. ரிக்ஷாவுக்கு ஆள் ஓடியது.

அவள் அசையாமல் காத்திருந்தாள். கால் மடக்கி உட்கார முடியாதென்பதால் வலது காலை மட்டும் தட்டுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லியிருந்தார்கள். தராசுத் தூண்களைச் சேர்த்துத் தரைக்குச் சற்று மேலே ஒரு மரச்சட்டம் ஓடியது. புடவை மறைவில், அதன் அடியில் பாதத்தை நுழைத்து, பலங்கொண்ட மட்டும் மேலே இழுத்துப் பிடித்திருந்தாள்.

துளிகூட வலிக்கவில்லை.