கித்தா

குடியுரிமை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிரே பாதிக் கதவு. மேலே குரல் வரும். கீழே மனைவியின் செருப்பு தெரியும்.

புதுச் செருப்பு.

யார் வாங்கிக் கொடுத்தது?

அவன்தான். தீபாவளிக்கு. பொறாமை பிடித்தவனுக்குத் தன் கை செய்ததே மறந்துபோகிறது.

உள்ளே அதிகாரி மலாயில் கேட்டார். அவள் மலாயில் பதில் சொன்னாள். திக்கவில்லை. அவனுக்கு அது இன்னும் எரிந்தது.

இருவரிடமும் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. இருந்துகொள், ஆனால் இந்த நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். இத்தனை காலம் அதனால் ஒரு குறையும் இல்லை. இப்போது சிவப்பு ஐசிக்காரர்கள் தோட்டத்தில் மரம் சீவிப் பாலெடுக்கவும் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பெர்மிட் கிடைக்காதவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறினார்கள். பார்த்தே இராத ஊருக்குப் போகிற பிள்ளைகள் கப்பல்துறையில் நின்று அழுதன.

குடியுரிமைக்கான நீல ஐசி கிடைத்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது.

அதற்கு இந்த அறையைத் தாண்ட வேண்டும்.

போன வருடம் அவன் தாண்டப் பார்த்தான். அதிகாரி நல்ல மனிதர், சுலபமாகத்தான் கேட்டார். நெகாரா கித்தாவின் பெயர் என்ன?

கித்தா என்றால் அவனுக்கு ரப்பர். பிறந்ததிலிருந்து வேறு எதுவும் இல்லை. கித்தா மரம், கித்தாப் பால், கித்தாத் தோட்டம். கித்தாவைப் பற்றிக் கேட்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்தித் தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னான்.

அதிகாரி பேனாவை மூடினார்.

அவர் கேட்டது நம் நாட்டின் பெயரை.

லயமே சிரித்தது. அதை அவன் மன்னித்துவிட்டான். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அவள் படிக்கக் கிளம்பினாள். அவனிடமா படிக்க முடியும்? அடுத்த வீட்டு லாரிக்காரன் தேவசகாயத்திடம் படித்தாள். அவன் நீல ஐசிக்காரன், மலாய் தண்ணீர்பட்ட பாடு. சாயங்காலமானால் வாசலில் பலகை போட்டுப் பாடம் நடக்கும். இவன் உள்ளே உட்கார்ந்து ஏற்கெனவே தீட்டிய கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பான்.

தேவசகாயம் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அதுவும் பிடிக்கவில்லை.

“மலாய்க்காரங்களுக்கும் நம்ம மாதிரியே ரெண்டு இருக்குலா அக்கா. எதிர்ல நிக்கிறவனையும் சேத்துக்கிட்டா கித்தா, நாம. அவன வெளிய விட்டுட்டா காமி, நாங்க. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?” என்று அவள் சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க வாசலிலிருந்து கித்தா கித்தா என்று கேட்டது. நாம, நாம. அந்த ‘நாம’வில் தேவசகாயம் இருந்தான். கத்தியோடு உள்ளே இருந்தவன் இல்லை.

தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அது அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன பயன், வயிறு எரிவது நிற்கவில்லை.

உள்ளே அதிகாரி அதே கேள்விக்கு வந்தார்.

அவன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். அவளும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டது எந்தச் சாமியிடம் என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

“நெகாரா கித்தா, மலேசியா,” என்றாள்.

அதிகாரியும் சிரித்தார். அவனிடம் சிரிக்காத சிரிப்பு.

திரும்பும்போதும் தேவசகாயத்தின் லாரிதான். முன்சீட்டில் மூன்று பேர். அவள் நடுவில்.

“பாஸா அக்கா?”

“பாஸ். நீல ஐசி வீட்டுக்கே வருமாம்.”

தேவசகாயத்துக்குப் பதில் சொன்னவள், உடனே புருஷன் பக்கம் திரும்பினாள். முழுதாகத் திரும்பினாள். அவன் முழங்கால்மேல் கையை வைத்தாள். ஊரார் முன்னால் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. கண் கலங்கியிருந்தது.

அவன் நெஞ்சு இளகிவிட்டது. இவளையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

“இனிமே நாங்க எங்கயும் போக வேண்டியதில்லங்க,” என்றாள்.

தேவசகாயம் கியரை மாற்றினான்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலும் அந்த ‘நாங்க’ விழுந்திருக்க வேண்டும். கையை எடுக்கவில்லை. வைத்திருக்கவும் தெரியவில்லை.

லாரி பெரிய சாலையை விட்டு மண்பாதையில் இறங்கியது.

“கித்தா,” என்றான் அவன், மெதுவாக, வெளியே பார்த்தபடி.

இரண்டு பக்கமும் மரங்கள் தொடங்கியிருந்தன.