உலர்ந்த இரண்டு இடங்கள்

சேணத்தை இறக்கியதும் அவள் முதலில் பார்த்தது வியர்வையைத்தான்.

துரையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் மட்டும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடங்கள் காய்ந்து கிடந்தன.

அங்கே விரலை வைத்தாள். குதிரையின் தோல் வெடுக்கென்று சுருங்கியது. சேணம் அழுத்திப் பிடிக்கிற இடத்தில் வியர்க்காது.

"ஓ, இதுதானா சங்கதி."

செஞ்சிப் பக்கத்துப் பொட்டலில் ஒரு ராணி கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகம் காட்டுகிற ராணி கேரவனுக்குள் இருந்தார். குதிரையில் பாய்கிற ராணி இவள். டூப். இவளுக்கு இதுதான் முதல் பெரிய படம்.

காலையிலிருந்து நான்கு டேக். நான்கிலும் துரை பாதி வழியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. நான்காவதில் அவளைப் புழுதியில் இறக்கியும் விட்டது.

ஒரு வாரமாகவே முரண்டுதான். முதலில் விரிப்பைக் கடித்தது. அப்புறம் அதை வளர்த்த முனாஃப் பாயின் தோள் துண்டை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து கடைசியில் மனிதனைக் கடித்த கதையாக, நேற்று உதவி இயக்குநரின் புஜத்தைப் பிடித்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வேறு குதிரை வரும், வேறு டூப்பும் வருவாள் என்று ஃபைட் மாஸ்டர் தணிகை சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து முனாஃப் பாய் துரையின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். கடிக்கிற குதிரை என்று பெயர் வந்துவிட்டால் எந்த யூனிட்டும் கூப்பிடாது.

சேணத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அவ்வளவு அழகு. சிவப்புத் தோல், பித்தளைப் பூ, இரண்டு பக்கமும் ஜரிகைத் தொங்கல். ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் இரண்டு மாதம் இழைத்தது. குதிரைக்கு உறுத்துகிறதோ என்று யாரோ இரக்கப்பட்டு, அடியில் இன்னொரு கம்பளியையும் மடித்து வைத்திருந்தார்கள். கடிக்கிற ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்ட மாதிரி.

அவள் சேணத்தைத் தூக்கிக்கொண்டாள். ராணிக் கவசம் அக்குளில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்று நடந்தாள்.

கூடாரத்துக்குள் மரக்குதிரை நின்றது. குளோசப்புக்கு ராணி ஏறி உட்கார, நான்கு பேர் அடியிலிருந்து ஆட்டிவிடுகிற குதிரை.

அதன் முதுகில் சேணத்தை வைத்தாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. எந்த இடத்திலும் இடிக்கவில்லை, எங்கும் தூக்கிக்கொண்டும் நிற்கவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உயிருள்ள குதிரை அளவெடுக்க அசையாமல் நிற்காது. மரக்குதிரை நிற்கும். நின்றதை அளந்து தைத்துவிட்டார்கள்.

வாசலில் மாஸ்டரின் நிழல் விழுந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். விழுந்தது நீ, பழி சேணத்து மேலயா?"

"கோணல்தான் மாஸ்டர். துரை முதுகை வந்து தொட்டுப் பாருங்க."

அவர் குதிரையிடம் வந்தார். தொட்டார். துரை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நடுங்கியது. இருபது வருஷம் குதிரையில் விழுந்து எழுந்த கை அது. ஒரு தடவை தொட்டதே போதுமாக இருந்தது.

"ஷாட்ல ஜரிகை தெரியணும்மா" என்றார், குரலை இறக்கி.

"தெரியும்."

தொங்கல்களின் தையலைப் பிரித்து, முனாஃப் பாயின் பழைய தோல் சேணத்தில் கட்டினாள். கம்பளி ஒன்றே ஒன்று. துரையின் தோல் கிழியவில்லை, நல்லவேளை. சாப்பாட்டு நேரம் முழுக்க முனாஃப் பாய் ஈரச் சாக்கை அந்த இரண்டு இடத்திலும் வைத்து வைத்து எடுத்தார். இலையில் அவர் சோறு ஆறிப்போனது.

பழைய சேணத்தை ஏற்றி, தோளருகே அடியில் கையை விட்டுப் பார்த்தாள். நான்கு விரலும் தாராளமாகப் போய் வந்தன. வயிற்றுப் பட்டையை இறுக்கினாள். துரை கடிக்கத் திரும்பவில்லை. தூரத்தில் மேயும் ஆடுகளை வேடிக்கை பார்த்தது.

ஐந்தாவது டேக்.

பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டம். ஜரிகை வெயிலில் பளபளத்தது. அவளுக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல அப்படி ஒரு சந்தோஷம். கத்தினாள். ராணி கத்துவதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மைக்கில் இயக்குநரின் குரல் வந்தது.

"சூப்பர்! எப்படிம்மா அடக்கின?"

"அடக்கல சார். அதுக்கு வலிச்சுது."

வேறு குதிரைக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார் மாஸ்டர். வேறு டூப்புக்கும்தான்.

அடுத்த ஷாட்டுக்கு அரை மணி நேரம் இருந்தது. அவள் நிழலில் உட்கார்ந்து, கவசத்துக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டாள்.

அக்குளில் எரிகிற இடத்தில் விரல் நின்றது.

இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

கவசம் கேரவனில் இருக்கிற ராணியின் அளவுக்குத் தைத்தது. இவள் தோள் அகலம். பத்து நாளாகத் தினமும் காலையில் இரண்டு அக்குளிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டுதான் இதை மாட்டுகிறாள். நேற்று பஞ்சை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறக்கிற டூப்பை அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

எதிரே துரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

அவள் பஞ்சை உருவி எறிந்தாள். இரண்டு பக்கமும் சிவப்பாக ஒட்டியிருந்தது.

காஸ்ட்யூமர் லோகநாதன் கழுத்தில் டேப்போடு அந்த வழியாகப் போனார்.

"லோகண்ணே, இங்க வாங்க."

எழுந்து நின்று, இரண்டு கையையும் நன்றாக அகல விரித்தாள்.

"என்னை அளங்க."