பச்சைப் பெயிண்ட்

மின்சாரம் போய்விட்டதால் தேயிலைத் தோட்டத்துப் பாதையின் கரண்ட் கேட் அசையாமல் நிற்கிறது. அதன் முன்னால் லொறி உறுமுகிறது. பின்தட்டில், கொழுந்துச் சாக்குகளின் மேல், பிரசவ வலியில் துடிக்கிறாள் தவமணி. பதுளை ஆஸ்பத்திரிக்கு இந்த ஒரு வழிதான். கரண்ட் இல்லாதபோது கையால் திறக்க, மோட்டார்ப் பெட்டியில் சாவித் துவாரம் வைத்திருக்கிறார்கள். சாவி காவல்காரர் வேலாண்டியின் கையில் இருக்கிறது. துவாரத்தைத்தான் காணோம். நாளைக்குக் கொழும்பிலிருந்து பெரிய துரை வருகிறாராம். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு, கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட், மோட்டார்ப் பெட்டிக்கும் சேர்த்து மூன்று பூச்சு. மாலை வெயிலில் அது மினுமினுக்கிறது. வேலாண்டி சாவி நுனியால் தடவித் தடவிப் பார்க்கிறார். "தள்ளுங்கண்ணே!" தவமணியின் நாத்தனார் ராக்காயி லொறியிலிருந்து குதிக்கிறாள். கொண்டை ஊசியைப் பிடுங்கிச் சுரண்டுகிறாள். பெயிண்ட் தோல் தோலாக உரிந்து அவள் நகக்கண்ணில் ஏறுகிறது. "புள்ளத்தாச்சிக்கு வழி விடாத கேட்டுக்கு மினுக்கு ஒரு கேடா?" லொறியில் அலறல் உயர்கிறது. சாவி நுழைகிறது, திரும்புகிறது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ள, கேட் கிறீச்சிட்டு விலகுகிறது. ராக்காயி தாவி ஏறுகிறாள், லொறி பாய்கிறது. அதன் சத்தம் வளைவில் இன்னும் கேட்கிறது. அதற்குள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வந்து, லொறி போன திசையைப் பாராமல், பெட்டியைக் குனிந்து பார்க்கிறார். "என்ன வேலாண்டி, இப்படிக் கீறி வச்சிருக்கீங்க? பெரிய தொரை கண்ணுல படப்போவுது. அந்த ஓட்டைய மூடி இன்னொரு பூச்சு அடிங்க." டின்னுக்குள் பிரஷ் இறங்குகிறது.