கறுப்பு ஷூவில் வந்த மச்சான்

மச்சான் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு மேடை ஏறினான்.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இடி அந்த ஷூவையே பார்த்தான்.

இடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ‘ஓட்டை வாளி ப்ளூஸ்’ குழுவில் இருபத்தைந்து வருடமாக டிரம்ஸ் அடிப்பவனுக்குக் கேட்டவர்கள் வைத்த பெயர். பிழைப்புக்கு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். பகலெல்லாம் மெஷின், மாலையெல்லாம் டிரம்ஸ் என்றால் காது என்ன இரும்பிலா செய்திருக்கிறது?

ஆறு வருடமாக அவன் காதில் பாட்டு விழுவதில்லை. அடுத்த வீட்டில் யாரோ மாவு அரைப்பது போல ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

இது ஒருவருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்குக்கூட. செவிட்டு டிரம்மரை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? டிரம்ஸ் அடிக்க உட்காரும் அந்த முக்காலியை விட்டால் அவனுக்கு உலகத்தில் வேறு இருக்கை கிடையாது. ஆகவே யார் என்ன சொன்னாலும் “ஆமா, ஆமா” என்று பூம்பூம் மாடு போலத் தலையாட்டிச் சமாளித்து வந்தான். அப்படி ஆட்டியதில் வீட்டுக்கு ஒரு சோபா வந்தது. மாமியாரோடு பத்து நாள் சுற்றுலா போய்வர நேர்ந்தது.

மேடையில் அவனைக் காப்பாற்றியது மச்சானுடைய வலது கால்.

மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், குழுவில் பேஸ் கிடார். எதைச் சொன்னாலும் முகத்துக்கு நேரே நின்று நிறுத்தி நிறுத்திச் சொல்வான். கிழடுகளுக்குக் கண்ணாடி மாட்டியே வந்த வியாதி என்று இடி நினைத்துக்கொள்வான்.

வாசிக்கும்போது வலது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதிப்பது அவன் வழக்கம். போதாக்குறைக்கு எங்கோ தள்ளுபடியில் தக்காளிச் சிவப்பில் ஒரு ஷூ வாங்கி, ஆறு வருடமாக அதையே மாட்டிக்கொண்டு திரிந்தான். “தீயணைப்பு வண்டி வந்துருச்சு, வழி விடுங்கப்பா!” என்று முதலில் கத்துகிறவன் இடிதான்.

அந்தச் சமயத்தில்தான், மின்விசிறிக் காற்றில் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று இடம் மாறி, இடிக்கு இடப்பக்கம் வந்து நின்றான். டிரம்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கில் அந்த ஒற்றைக் கால் மட்டும் தெரியும். கால் இறங்கினால் அடி, நின்றால் நிறுத்து. இடியின் இசை ஞானம் மொத்தமும் அதுதான்.

வெள்ளி விழாவுக்குப் புதுப் பாட்டு போடலாமா என்று பாடகன் கேட்டபோதும் இடி பல்லெல்லாம் தெரியத் தலையாட்டியிருக்கிறான். மறுவாரம் கையில் பாட்டெழுதிய காகிதத்தைத் திணித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பழைய பதினோரு பாட்டும் கைக்கே மனப்பாடம். புதுசுக்கு எங்கே போவது?

பாட்டு இதுதான்: ‘போறவ போகட்டும், குடைய வச்சிட்டுப் போகட்டும்.’ நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். பாடகன் தனியாக ஒரு வரியை இழுப்பான். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்பான் என்று அவனுக்கே தெரியாது. அவன் முடிக்கும் அதே நொடியில் இடி விழவேண்டும். ஒத்திகையில் சிவப்பு ஷூ கைவிடவில்லை.

இன்று அந்த ஷூ இல்லை. புகைப்படத்துக்காக இடியின் பெண்டாட்டி ஒரே மாதிரி கறுப்பு ஷூ வாங்கி எல்லோர் காலிலும் ஏற்றிவிட்டாள். மேடைக்கு விரித்த துணியும் கறுப்பு, மச்சானின் கால்சட்டையும் கறுப்பு. இடுக்கு வழியாகப் பார்த்தால் அமாவாசை.

பழைய பாட்டு இரண்டு முடிந்தது. பாடகன் திரும்பி விரலைக் காட்டினான். புதுசு.

மயங்கி விழுந்துவிடலாமா என்றுகூட இடி யோசித்தான். இருபத்தைந்து வருடத்து மானம் இன்னும் இரண்டு நிமிடத்தில் கப்பலேறப் போகிறது. கையிலிருந்த குச்சி வியர்வையில் வழுக்கியது.

மச்சான் கையைத் தூக்கினான். இடியின் பக்கம் முகத்தைத் திருப்பி, “இரு மாப்ளே. ஷூ கடிக்குது,” என்றான்.

அங்கேயே குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாகத் தள்ளினான். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கென்று இடிக்குப் புரியவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் அண்ணனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

இடுக்கில் பளிச்சென்று ஒரு சிவப்பு சாக்ஸ் தெரிந்தது.

அப்பாடா!

பாட்டு தொடங்கியது. நடுவில் எல்லோரும் நின்றார்கள். பாடகன் பல் பிடுங்க வந்தவன் போல வாயைப் பிளந்து இழுத்தான், இன்னும் இழுத்தான். சிவப்புக் கால் அந்தரத்தில் நின்றது. இடி மூச்சுவிடவில்லை.

கால் இறங்கியது. இடி விழுந்தது.

அரங்கம் எழுந்து நின்று தட்டியதை அவன் கண்ணால் பார்த்தான்.

வணக்கம் சொல்ல எல்லோரும் வரிசையாக முன்னால் வந்தார்கள். இடியும் டிரம்ஸை விட்டு வெளியே வந்து மச்சானுக்குப் பக்கத்தில் நின்று குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மச்சானின் வலது காலில் சிவப்பு. இடது காலில் கறுப்பு.

கறுப்பு ஷூவை மாட்டும்போதே, வேண்டுமென்று வலது காலில் மட்டும் மாட்டிக்கொண்டு வந்த சாக்ஸ். ஆறு வருடமாக அந்தத் தக்காளி ஷூவைப் பார்த்துக் கத்தியதெல்லாம் இடிக்கு நினைவுக்கு வந்தது.

மச்சான் முகத்துக்கு நேரே திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

“ஜோடில ஒண்ண, வாஷிங் மெஷின், முழுங்கிருச்சு மாப்ளே.”

“ஆமா, ஆமா,” என்று இடி தலையாட்டினான்.