இவனையும் அவனையும்

அவள் திரிகையை நிறுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யூத குருவான ரபியின் பாடசாலை. மாணவர்கள் புதிய சட்டம் ஒன்றை மனனம் செய்துகொண்டிருந்தார்கள். ஏட்டில் எழுதக் கூடாத சட்டம். வாயிலிருந்து வாய்க்குத்தான் போக வேண்டும். ராகத்தோடு, நான்கு முறை.

"ஒருத்தியின் கணவன் கடல் கடந்து போனான். இறந்துவிட்டான் என்று வந்து சொன்னார்கள். அவள் வேறொருவனை மணந்தாள். பிறகு கணவன் திரும்பி வந்தான்."

அந்த ஒருத்தி அவள்தான்.

பெயர் இல்லை. ஊர் இல்லை.

சைப்ரஸுக்குப் போன கப்பல் முழுகிவிட்டதென்று வந்து சொன்னவன் ஒரே ஒரு மாலுமி. சட்டம் இரண்டு சாட்சி கேட்கும். ரபிதான் இரங்கினார்.

"ஒரு சாட்சி போதும்மா. வாழ வேண்டிய பொண்ணு நீ. போய்க் கல்யாணம் பண்ணிக்கோ."

பண்ணிக்கொண்டாள்.

ஆறாம் வருடம் கணவன் வாசலில் வந்து நின்றான். இடது காது இல்லை. சிரித்தபோது அவனேதான்.

மறுபடி ரபியிடம் ஓடினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ நல்லா விசாரிச்சிருக்கணும்."

அவர் தந்த அனுமதியும் பாடத்தில் இல்லை.

"இவனையும் விட்டு அவனையும் விட்டு அவள் வெளியேற வேண்டும்." குரல்கள் ஏறி இறங்கின. "இருவரிடமும் அவளுக்கு ஜீவனாம்சம் இல்லை. இரண்டாமவனுக்குப் பிறந்த பிள்ளை முறை கெட்ட பிறப்பு. இஸ்ரவேலர் யாரும் அதை மணக்கலாகாது."

நல்ல ராகம். அவள் தலையே லேசாக ஆடிவிட்டது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அண்ணன் வீட்டுப் பின்கட்டு இது. அண்ணி பேசுவதில்லை. கோதுமையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

மகள் கெத்சீயா சிந்திய மாவில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது. இரண்டாமவனின் மூக்கு. எந்தப் பாட்டானாலும் இரண்டு தடவை கேட்டால் போதும் அவளுக்கு.

"ஒருத்தியின் கணவன் கடல் கடந்து போனான்..."

மழலைதான். ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. கடல் கடந்து போனவன் திரும்பி வந்தான். இவனை விட்டாயிற்று, அவனை விட்டாயிற்று. ஜீவனாம்சம் என்ற சொல்லில் நாக்கு தடுக்கியது. சிரித்துக்கொண்டே அதையும் தாண்டினாள்.

அவள் எட்டி மகளின் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவுதான் கண்ணு. பாட்டு முடிஞ்சு போச்சு."

கெத்சீயா கையை உருவிக்கொண்டாள்.

"இல்லம்மா, பிள்ளை இன்னும் வரலை."