வெந்நீர் அடுப்பு

"வீட்டுல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டதில் வேலாயுதத்துக்குப் பொல்லாத கோபம். வெற்றிலைகூடப் போடாத வீட்டில் பெண்டாட்டிக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றால் என்ன நியாயம்? வீடு வந்ததும் அவளுக்குக் குளிக்க வெந்நீர் வைத்தான். மழையில் நனைந்த தென்னை மட்டை பற்றவில்லை.

"பால் கவரைப் போடுங்க. நான் தினமும் அதுலதான் பத்த வைப்பேன்," என்றாள் செங்கமலம்.

அவள் சேர்த்து வைத்திருந்த கவர்களோடு, மாத்திரைகளை எடுத்துவிட்டு மருந்துக்கடைப் பையையும் திணித்தான். குப்பென்று பிடித்துக் கரும்புகை கிளம்பியது.

"குளிருதுங்க."

அடுப்போரமாக முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான். அவள் இருமினாள்.

"இன்னும் கிட்ட வந்து உக்காரு," என்றான்.